மஞ்சள் கோட்டுக்காரி

ஜிப்ரால்டர்
4 அக்டோபர் 1970

அன்புள்ள மாப்பிள்ளை எலாதியோவுக்கு,

மாமனார் செவெரோ எழுதுகிறேன். மாட்ரிட்டிலுள்ள உங்கள் அரசாங்கம் நம் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள எல்லைக் கதவைச் சாத்திய இந்தப் பதினாறு மாதத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் மகள் சேலோ கண்ணில் படக்கூடாது என்பதால் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை செய்யும் தாமியானின் மதுக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். என் மொட்டை மாடியில் நின்றால் அந்தக் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது. கடிதமோ ஜலசந்திக்கு அக்கரையிலுள்ள டாஞ்சியருக்குக் கப்பலேறிப் போய், கடலைச் சுற்றிப் பத்து நாள் கழித்து உன் கைக்கு வரும். அடுப்பில் போடுவதானால் படித்துவிட்டுப் போடு. எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று திட்டாதே. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகி, முப்பது வருஷம் கப்பலின் மேல் பெயர் எழுதிய கை. சின்னதாக வராது.

விஷயம் இதுதான். உன் மாமியார் கத்தலீனாவுக்கு வயிற்றில் கட்டி. அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்கலாம்" என்றார். "எந்த வருஷத்துக் கிறிஸ்மஸ்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பயம் வந்தால் என் நாக்கு இப்படித்தான் கோமாளித்தனம் பண்ணும், உனக்குத் தெரியாததா.

கத்தலீனாவிடம் நான் மறைக்கவில்லை, மறைத்தாலும் கண்டுபிடித்திருப்பாள். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இந்தா பாரு மனுஷா, சேலோவுக்கு மட்டும் தெரியக் கூடாது. ரெண்டு வயித்துலயே கலைஞ்சு போச்சு. இதாவது தங்கட்டும். புள்ள பொறந்ததும் சொல்லிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் நீங்களும் நின்று கத்துவது உனக்குத் தெரியும். எண்பது கெஜத்தில் முகமா தெரிகிறது? ஒருத்தருக்குச் சிவப்புக் குடை, ஒருத்தருக்கு வாணலி மூடி, கத்தலீனாவுக்கு அந்த மஞ்சள் கோட்டு. கோட்டைப் பார்த்துத்தானே சேலோ கை ஆட்டுவாள். இப்போது கத்தலீனாவால் விமான ஓடுபாதையைத் தாண்டி அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆகவே இன்றைக்கு அவள் தங்கை நியேவெஸ் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். ஏறக்குறைய அதே உயரம். சேலோ நம்பிவிட்டாள்.

நீ செய்யவேண்டியது இரண்டு. அவளைக் கூட்டத்துக்கு முன்னால் விடாமல் பின்னால் விளக்குக் கம்பத்தருகே நிறுத்து. உன் அண்ணனிடம் ஒரு தொலைநோக்கி இருக்குமே, அதை எங்கேயாவது தொலைத்துவிடு.

கப்பல் பட்டறையில் உங்கள் கடைசி நாளன்று நான் பேசியதெல்லாம் நினைவிருக்கிறது. அதைப் பற்றி எழுத நான்கு தாள் வேண்டும். என் எழுத்துக்கு எட்டுத் தாள். பிறகு எழுதுகிறேன்.

உன் பழைய மேஸ்திரி,
செவெரோ


லா லீனியா
19 அக்டோபர் 1970

மாமா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை.

கடைசி நாளன்று நீங்கள் பேசியதற்கு எட்டுத் தாள் வேண்டாம், நான் ஒரே வரியில் எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷம் உங்கள் கையில் வண்ணம் பூசக் கற்று, உங்கள் பெண்ணையும் கட்டியவன் நான். கதவைச் சாத்தியதால் நாங்கள் ஐயாயிரம் பேர் வேலை போய் வெளியே வரும்போது நீங்கள் எல்லாரும் கேட்கச் சொன்னீர்கள்: "போயிட்டு வாங்கடா. ஒரு வாரத்துல பசிச்சதும் உங்க ஜெனரலே கதவத் திறந்துடுவாரு." எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டுச் சுவருக்கு நீங்கள் லண்டன் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்தபோது ஏணியைப் பிடித்தவனும் நான்தான். அதையும் யாரோ இங்கே போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே வேலை கேட்டாலும் முதல் கேள்வி அந்த ஏணிதான். இப்போது தாமியான் கடையில் கோப்பை கழுவுகிறேன்.

அத்தையின் செய்தியைக் கடையின் பின்கட்டில், சாராயப் பீப்பாய்மேல் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

சேலோவிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. என்னிடம் பெருமைப்பட இருப்பது அது ஒன்றுதான். போன ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அம்மா இப்பல்லாம் கூன் போடாம நிமிந்து நிக்கிறாங்க, கவனிச்சியா? மூட்டு வலி விட்டுடுச்சு போல." அவ்வளவு சந்தோஷம். நான் "ஆமா" என்றேன். ஆக, தொடங்கிவிட்டேன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகச் செய்கிறேன், உங்களுக்காக இல்லை.

தொலைநோக்கியை அண்ணனிடம் இரவல் வாங்கிக் கடை அலமாரியில் பூட்டிவிட்டேன். நியேவெஸ் சித்தியைக் கொஞ்சம் கூன் போடச் சொல்லுங்கள்.

எலாதியோ


ஜிப்ரால்டர்
29 நவம்பர் 1970

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதி எனக்கு வேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன்.

நியேவெஸ் இப்போது கூன் போடுகிறாள். யார் கற்றுக்கொடுத்தது தெரியுமா? கட்டிலில் படுத்தபடி கத்தலீனாவே. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒத்திகை. தங்கைக்காரி கோட்டைப் போட்டுக்கொண்டு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடக்கவேண்டும்.

"என்னடி அது, ஈ ஓட்டுறியா? நான் அப்படியா கை ஆட்டுவேன்?"

"பின்ன எப்படி ஆட்டுவ, மகாராணி மாதிரியா?"

"முழங்கைய மடக்காத. தோள்லேருந்து ஆட்டு. ஜன்னல் தொடைக்கிற மாதிரி. ம்... இப்ப நான்தான்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு வலி எடுத்துவிட்டது. அப்புறம் மருந்து கொடுக்கவேண்டியதாயிற்று.

குரல்தான் தொல்லை. நியேவெஸ் கத்தினால் சேலோ கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, மருத்துவர் கத்தக்கூடாது என்றார் என்று நானே கத்திச் சொன்னேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. பட்டறையில் சங்கு பழுதானால் என்னைக் கூப்பிடுவார்கள். இப்போது சேலோ கேட்பதற்குப் பதிலை நியேவெஸ் என் காதில் ஓதுவதுபோல் நடிக்கிறாள், நான் அதைக் கத்துகிறேன். போன ஞாயிறு சேலோ பிரசவத்தைப் பற்றி என்னவோ கேட்டாள். பெண்கள் தாயிடம் மட்டும் கேட்கும் கேள்வி. கீழைக்காற்று பாதியைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. காதில் விழுந்த பாதிக்கே எனக்கு வேர்த்தது. "எல்லாம் சரியாயிடும்!" என்று கத்தினேன். பக்கத்தில் வாணலி மூடியோடு நின்ற கிழவி என் விலாவில் ஓங்கி இடித்தாள்.

வீட்டுக்குப் போய் அப்படியே ஒப்பித்தேன். கத்தலீனா அதற்குப் பதிலைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அம்மா எழுதியதாக அதை உன் வீட்டு விலாசத்துக்கே தனியாக அனுப்பியிருக்கிறேன். அது பொய்யில்லை. நிஜமாகவே அவள் கையெழுத்து.

இந்த ஊர்மேல் எல்லாருக்கும் ஒரு கண் உண்டு. லண்டனுக்கு இது கப்பல் நிறுத்துமிடம். மாட்ரிட்டுக்கு இது மானப்பிரச்சினை. ஜலசந்தியைக் கடக்கும் எவனும் இந்தப் பாறையை ஒரு தடவை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. இரண்டரைச் சதுர மைல், அதிலும் பாதி செங்குத்து. இங்கே ஒருத்தி ஒரு கட்டிலில் ஒரு பக்கமாகவே படுத்திருக்கிறாள் என்பது மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லை.

செவெரோ


ஜிப்ரால்டர்
12 ஜனவரி 1971

எலாதியோவுக்கு,

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கத்தலீனா போய்விட்டாள். வலி இல்லை. ஊசி போட்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தோம். நியேவெஸ் கறுப்பு உடைக்கு மேலே மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்து வரை பொத்தான் போட்டு, என்னிடம் கேட்டாள்: "போலாமா அத்தான்?" நான் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஞாயிறு வராவிட்டால் சேலோவுக்கு உடனே உறைத்துவிடும் என்று பட்டது. போனோம்.

கதவருகே எங்கள் பக்கம் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். இந்த ஊரில் ஒருவன் தும்மினால் தெற்கு முனையில் இன்னொருவன் மூக்கைத் துடைப்பான். ஆனால் ஒருத்தர்கூட என் கையைப் பிடிக்கவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை. சேலோ பார்த்துவிடுவாளே. வாணலி மூடிக் கிழவி தலை திருப்பாமலே, உதடு அசையாமல் சொன்னாள்: "நல்லவ. போயிட்டா." பிறகு மூடியைத் தூக்கித் தன் பேரனுக்கு ஆட்டினாள். நாற்பது குடும்பம், மாப்பிள்ளை. அரைமணி நேரம் எல்லாரும் அவரவர் சங்கதியைக் கத்திக்கொண்டே எனக்குத் துக்கம் கேட்டார்கள்.

சேலோ கத்தினாள்: "அம்மா! புள்ள உதைக்குது!" நியேவெஸ் தோளிலிருந்து கை ஆட்டினாள்.

திங்கட்கிழமை அடக்கம். ஓடுபாதையை ஒட்டிய கல்லறைத் தோட்டம், கிழக்குக் கோடி. உங்கள் பக்கம் கடற்கரை ஓரமாக நின்றால் சிலுவைகள் தெரியும் என்கிறார்கள். வீட்டைவிட இப்போது அவள் உங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறாள்.

பிள்ளை பிறக்கும் வரை. அவளுக்கு நான் கொடுத்த வாக்கு.

செவெரோ


லா லீனியா
30 ஜனவரி 1971

மாமா அவர்களுக்கு,

தாமியானிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் பின்கட்டிலேயே அன்று முழுக்க இருந்தேன். பட்டறை நாட்களில் அத்தை எனக்கும் சேர்த்து ஒரு தூக்கில் கடலை மாவு அடை போட்டுக் கொடுத்தனுப்புவார்கள். நீங்கள் அதில் பாதியைத் தின்றுவிட்டு எலி என்பீர்கள். அவர்களுக்குத் தெரிந்து மறுநாளிலிருந்து எலிக்கென்று தனியாக ஒன்று வைத்தார்கள்.

கறுப்பு உடுத்த முடியவில்லை. கறுப்புக் காலுறை போட்டிருக்கிறேன். அதுதான் என் துக்கம்.

சேலோவுக்கு மாதம் மார்ச். பிள்ளை பிறந்து அவள் எழுந்து நடமாடிய முதல் ஞாயிறு, நீங்கள் சொல்லிவிடவேண்டும். தினமும் இரவு அவள் பக்கத்தில் படுப்பவன் நான், நீங்கள் இல்லை. எனக்கு வாக்குக் கொடுங்கள்.

எலாதியோ


ஜிப்ரால்டர்
13 ஏப்ரல் 1971

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. நீயே அங்கே நின்று பார்த்தாய். இருந்தாலும் என் வாயால் சொல்லவேண்டும்.

ஈஸ்டர் ஞாயிறு. கூட்டம் ஜாஸ்தி. சேலோ குழந்தையின் போர்வையைப் பிரித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். "அம்மா! பாரும்மா! உன் மூக்கு! உன் பேர்தான் வச்சிருக்கோம், கத்தலீனா!" அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாரும் கை தட்டினார்கள். உங்கள் காவல்காரன்கூட. நியேவெஸ் ஒரு கையை ஆட்டிக்கொண்டே மறு கையால் என் முதுகுச் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை, அதை எப்படிக் கத்துவது? பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, தண்ணீர் கொடுத்துச் சொல்கிற விஷயம். எண்பது கெஜத்துக்கு அப்பால் கைக்குழந்தையோடு நிற்கிறவளிடம் "உங்கம்மா செத்துட்டா" என்று சங்கு ஊதுவதுபோல் ஊதவா? "நல்லா பால் குடிக்கட்டும்!" என்று கத்தினேன். அவ்வளவுதான் வந்தது.

கடிதமாக எழுதலாம் என்று நான்கு எழுதிக் கிழித்தேன். பால் கொடுக்கிறவள். இன்னும் ஒரு மாதம் போகட்டும்.

கோழை செவெரோ


லா லீனியா
25 மே 1971

மாமா அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட ஒரு மாதம் போய்விட்டது. இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

குழந்தையை அம்மா மடியில் வைத்தே தீரவேண்டும் என்கிறாள் சேலோ. டாஞ்சியர் போய் அங்கிருந்து உங்கள் ஊருக்குக் கப்பல் பிடிக்கலாம். காது கம்மலை விற்றுப் பயணச்சீட்டுக்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டதால் அவள் இந்த நாட்டுக்காரி ஆகிவிட்டாள். புருஷன் கையெழுத்துப் போடாமல் கடவுச்சீட்டு தரமாட்டார்கள். தாளை என் முன்னால் வைத்தாள். நான் போடவில்லை.

"ஏன் போட மாட்டேங்கிற?"

"குழந்தைக்குக் கப்பல் ஆகாது."

"குழந்தைக்கா, உனக்கா? எங்கப்பா ரெண்டு வருஷத்துக்கு முன்னால என்னமோ உளறுனாருன்னு எங்கம்மாவப் பழி வாங்குறியா?"

"இல்ல சேலோ."

"அந்தம்மா உனக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க? கல்லுய்யா நீ. கல்லு."

மூன்று வாரமாக அவள் குழந்தையோடு அடுத்த அறையில் படுக்கிறாள். ஞாயிறு கதவுக்குத் தனியாகப் போகிறாள். நான் கல். நீங்கள் பாசமான அப்பா. உங்கள் பொய்யில் எனக்குக் கிடைத்த பாகம் இது.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 10, வியாழக்கிழமை, டாஞ்சியர் கப்பல். அம்மாவுக்குச் சொல்லாமல் போய் நிற்கப்போகிறாளாம். நான் எதுவும் சொல்லவில்லை. துறைமுகத்தில் நில்லுங்கள். நீங்கள்தான் சொல்லவேண்டும். அந்தக் கோட்டு அங்கே வரக்கூடாது.

எலாதியோ


ஜிப்ரால்டர்
14 ஜூன் 1971

மாப்பிள்ளைக்கு,

பத்து நாள் இருக்க வந்தவள் மறுநாளே ஏன் திரும்பினாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

ஐந்து மாதமாக நான் கறுப்பு அணியவில்லை. அன்றுதான் முதல் தடவையாகக் கறுப்பு டை கட்டினேன். நியேவெஸும் கறுப்பில் வந்தாள். பயந்துபோய்ச் சுமைதூக்கிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தேன். சேலோ கப்பல் படியில் இறங்கும்போதே என் டையைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"யாருப்பா? நியேவெஸ் சித்தியா?"

அந்தக் கேள்விக்கு நியேவெஸே பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

சேலோ அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "என்னைக்கு?" என்றாள்.

"ஜனவரி ஒம்பது."

உதட்டுக்குள் எண்ணினாள். "பத்தொம்பது ஞாயிறு. பிரசவத்துக்கு மூணு வாரம் வரல. மத்தபடி பத்தொம்பது." குழந்தை சிணுங்கியது, கவனிக்கவில்லை. "சித்தி, கைய ஆட்டு."

"வேணாம்டி கண்ணு."

"ஆட்டு."

நியேவெஸ் ஆட்டினாள். தோளிலிருந்து. சேலோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துறைமுகத்தில் அத்தனை பேர் நடுவில் நியேவெஸ் கையை இறக்கத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் அம்மாகிட்டச் சொன்னதெல்லாம் அப்ப யாருகிட்டப்பா சொன்னேன்?"

இந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் மண்டியிட்டிருப்பான். குறைந்தது வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்குப் பயம். பயம் வந்தால் என் நாக்கு என்ன செய்யும் என்று உனக்கே எழுதியிருக்கிறேன். "சித்திக்குக் காது நல்லாக் கேக்கும்மா" என்றேன். சிரிக்கவும் செய்தேன், எலாதியோ. என் சிரிப்பு என் காதிலேயே விழுந்தது.

அவள் நியேவெஸோடு கல்லறைக்குப் போனாள், நான் பின்னால் போனேன். வாசலிலேயே நிற்கச் சொல்லிக் கை காட்டினாள். இரவு நியேவெஸ் வீட்டில் தங்கி, மறுநாள் கப்பலேறினாள். பேத்தியை நான் தொடவில்லை. கேட்க வாய் வரவில்லை.

செவெரோ


லா லீனியா
18 ஜூலை 1971

மாமா அவர்களுக்கு,

நீங்கள் சேலோவுக்கு அனுப்பிய மூன்று கடிதங்களும் இத்துடன் திரும்பி வருகின்றன. பிரிக்கவில்லை. என்னைத்தான் அனுப்பச் சொன்னாள்.

என்னோடு பேசுகிறாள். உப்பு, பால், விளக்கு, இவ்வளவுதான். அடுத்த அறையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்கிறாள். "அன்னைக்கு நிமிந்து நிக்கிறாங்கன்னு சொன்னேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?" தெரியும் என்கிறேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததைக் கேட்கிறாள். ஒரு நாள் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கதவுக்குப் போவதில்லை. கடற்கரை ஓரம் வேலி முடிகிற கிழக்குக் கோடிக்குக் குழந்தையோடு போகிறாள். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் சிலுவைகள் தெரிகின்றன. கத்துவதில்லை. சும்மா பேசுகிறாள்.

உங்களிடம் சொல்லச் சொன்னது இது: "அவரு அந்தப் பக்கம் வந்து நின்னா நான் அங்கயும் போறத நிறுத்திடுவேன்."

அப்படியே எழுதிவிட்டேன்.

எலாதியோ


ஜிப்ரால்டர்
8 ஆகஸ்ட் 1971

அன்புள்ள எலாதியோவுக்கு,

கிழக்குக் கோடிக்குப் போகமாட்டேன். கல்லறைக்கு நான் செவ்வாய்க்கிழமை போகிறேன். ஞாயிறு அவளுடையது என்று அவளிடம் சொல்.

இன்று கதவுக்குப் போனேன். எனக்கென்று அந்தப் பக்கம் யாருமில்லை, கால் பழக்கம். வாணலி மூடிக் கிழவிக்கு இருமல், குரல் எழும்பவில்லை. என் கையைப் பிடித்தாள். அவள் தம்பி புதன்கிழமை இறந்துபோனானாம், அந்தப் பக்கம் நிற்கும் மகனுக்குச் சொல்லவேண்டும். "உன் குரல்ல சொல்லுடா செவெரோ. அவன் அடுத்த வாரம் வரைக்கும் தெரியாம சிரிச்சிட்டிருக்க வேணாம்." நான் கைகளை வாயருகே குவித்துக் கத்தினேன்: "உங்க மாமா போயிட்டாரு! புதன்கிழம! தூக்கத்துலயே!"

கேட்டது. முதல் தடவையிலேயே கேட்டது. அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான். அவன் பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இந்தப் பக்கம் கிழவியை நாங்கள் பிடித்துக்கொண்டோம். அவ்வளவுதான், மாப்பிள்ளை. அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். ஜனவரியிலும் இருந்திருப்பார்கள். நீ இருந்தாய்.

நியேவெஸ் கோட்டை யாருக்கோ கொடுத்துவிட்டாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

கடைசி நாளன்று பட்டறை வாசலில் நான் சொன்னதற்கு மன்னித்துவிடு. எட்டுத் தாள் தேவைப்படவில்லை பார்.

இனி தாமியான் கடைக்கு எழுதமாட்டேன். உனக்கு எழுதுவதானாலும் வீட்டு விலாசத்துக்குத்தான், உறையைத் திறந்தே அனுப்புகிறேன். அவள் படித்தாலும் சரி, படிக்காமல் திருப்பி அனுப்பினாலும் சரி.

சின்னக் கத்தலீனாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

செவெரோ